லூஹோ-டானன்பெர்க்: ஒரு ஜெர்மன் ஓர மாவட்டத்தைப் புரிந்துகொள்ளும் வழி

லூஹோ-டானன்பெர்க், வடக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமப்புற மாவட்டம். பரப்பளவு சுமார் 1,220 சதுர கிலோமீட்டர். மக்கள் 50,000க்கும் குறைவு. ஜெர்மனியின் கிராமப்புற மாவட்டங்களில் இதைவிடக் குறைவான மக்கள் வேறெதிலும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் 'வெண்ட்லாண்ட்' என்றுதான் சொல்வார்கள்; அரசாங்கப் பெயரை வாய்விட்டுச் சொல்பவர் அபூர்வம்.

வேலை கிடைத்தோ, வாழ்க்கைத்துணையின் ஊர் என்றோ, நகரத்து வாடகை கட்டுப்படியாகாமலோ அங்கே குடியேறுபவர்கள் உண்டு. வரலாற்று ஆர்வத்தில் நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. வழக்கமான வரலாற்று நூல்கள் கற்காலத்தில் தொடங்கி ஆண்டு ஆண்டாக நகரும்; பாதியிலேயே தூக்கம் வந்துவிடும். நான் சொல்லும் வரிசை வேறு. இந்த மாவட்டம் எந்தக் காலத்திலும் ஏதோ ஒன்றின் ஓரமாகவே இருந்திருக்கிறது. பிராங்கியப் பேரரசின் ஓரம், ஸ்லாவியர்களின் மேற்கு ஓரம், ஹனோவர் அரசின் ஓரம், பிறகு மேற்கு ஜெர்மனியின் ஓரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளில் போனால், சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் விஷயங்கள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும்.

முதல் படி: எந்த அலுவலகம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியில் மத்திய அரசு, அதற்குக் கீழே மாநிலம். மாநிலத்துக்கும் ஊராட்சிக்கும் நடுவில் இருப்பதுதான் 'லாண்ட்க்ரைஸ்' எனப்படும் மாவட்டம். நம் மாவட்டம் நீடர்சாக்சன் மாநிலத்தின் வடகிழக்கு மூலை. தலைமையிடம் லூஹோ நகரம். எழுதும்போது கடைசியில் ஒரு 'டபிள்யூ' இருக்கும். அதை உச்சரிக்கக் கூடாது. இங்கே இப்படி முடியும் ஊர்கள் நிறைய, எல்லாவற்றுக்கும் அதே விதிதான்.

மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று உண்டு. தலைவரை மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கலெக்டரைப் போல மேலிருந்து நியமிக்கப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வண்டிப் பதிவு, குப்பை, குழந்தைகள் நலத்துறை, வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாம் மாவட்டத்தின் பொறுப்பு. வண்டியின் எண் பலகை 'டி.ஏ.என்.' என்று தொடங்கும்.

ஆனால் வீடு மாறியதும் செய்யவேண்டிய முகவரிப் பதிவுக்கு லூஹோவில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது ஊராட்சிகளின் கூட்டமைப்பில் செய்யவேண்டியது. அப்படி மூன்று கூட்டமைப்புகள் இங்கே உண்டு: வடக்கே எல்ப்டால்ஆவே (அலுவலகம் டானன்பெர்க்கில்), நடுவிலும் மேற்கிலும் லூஹோ, கிழக்கே கார்ட்டோ. முன்பு ஐந்தாக இருந்தவை 2006இல் மூன்றாகச் சுருங்கின. குடியேறிய 2 வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம். உங்கள் கிராமம் எந்தக் கூட்டமைப்பில் வருகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரையே கேளுங்கள், சொல்லிவிடுவார்.

பெயரில் ஏன் இரண்டு ஊர்? 1866இல் பிரஷ்யா ஹனோவர் அரசைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1885இல் பிரஷ்யப் பாணியில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது லூஹோ தனி, டானன்பெர்க் தனி. 1932இல் செலவைக் குறைக்க இரண்டையும் ஒன்றாக்கி டானன்பெர்க் என்று பெயரிட்டார்கள். 1951இல் இரட்டைப் பெயர் வந்தது. இரு ஊர்க்காரர்களுக்கும் இடையிலான செல்லப் போட்டிக்கு இன்றும் குறைவில்லை.

இரண்டாம் படி: எல்லைக் கோட்டை விட்டுவிட்டு ஆற்றைப் பாருங்கள்

வரைபடத்தில் மாவட்டத்தின் வடக்கு, வடகிழக்கு விளிம்பை எல்பே ஆறு வரைகிறது. ஆற்றுக்கு அப்பாலும் தெற்கே, கிழக்கேயும் முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் மூன்று மாநிலங்கள்: மெக்லன்பர்க்-போர்பொமர்ன், பிராண்டன்பர்க், சாக்சன்-அன்ஹால்ட். மேற்குப் பக்கம் மட்டும்தான் லூனபர்க், உல்ட்சன் என்று சொந்த மாநிலத்து மாவட்டங்கள். ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஹிட்சாக்கர் ஊருக்கு நேர் எதிர்க்கரையும் நீடர்சாக்சன்தான். ஆம்ட் நொய்ஹவுஸ் எனும் அந்தப் பகுதி கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. 1993இல் மாநிலம் மாறி இந்தப் பக்கம் வந்தது. ஆனால் நம் மாவட்டத்தில் அல்ல, லூனபர்க்கில் சேர்ந்தது.

மாவட்டத்தின் நிலத்தை மூன்று பட்டையாகப் பிரித்துப் பாருங்கள். மேற்கே 'டிராவேன்' மேடு. பனியுகத்தில் பனிப்பாளங்கள் தள்ளிக் கொண்டுவந்து குவித்த மணலும் கூழாங்கல்லும்தான் அது. அதன் உச்சி 142 மீட்டர், பெயர் ஹோஹர் மெக்டின். மலை என்று சொன்னால் பவேரியாக்காரர்கள் சிரிப்பார்கள். இந்தத் தட்டை நாட்டில் அதுவே மலை. நடுவே தாழ்நிலம். அங்கே தெற்கிலிருந்து வடக்காக யேட்சல் எனும் சிற்றாறு ஓடுகிறது. வுஸ்ட்ரோ, லூஹோ, டானன்பெர்க், ஹிட்சாக்கர் என்று மாவட்டத்தின் முக்கிய ஊர்கள் நான்கும் இந்த ஆற்றோரம் வரிசையாக இருக்கின்றன. ஹிட்சாக்கரில் யேட்சல் எல்பேயில் கலக்கிறது. கிழக்கே கார்ட்டோ பக்கம் மணல்மேடும் பைன் காடும். உருளைக்கிழங்குக்கு ஏற்ற மணல் என்பதால் லூஹோவில் மாவுச்சத்து ஆலை ஒன்று இருக்கிறது.

1975 ஆகஸ்டில் அந்தப் பைன் காட்டில் பெரும் தீ பரவியது. எரிந்த இடத்தின் ஒரு பகுதியில் மறுபடி மரம் நடாமல் விட்டதால் உருவானதுதான் இன்றைய நெமிட்சர் ஹைடெ எனும் புதர்ச்செடி வெளி. ஆகஸ்ட் கடைசியில் போனால் தரை முழுக்க ஊதாப் பூ.

ஆற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் எல்பேயின் வெள்ள வரலாற்றைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஹிட்சாக்கரின் பழைய நகரம் யேட்சலின் கிளைகளுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிறது. படம் எடுக்க அழகான இடம். 2002இலும் 2006இலும் அந்தத் தீவுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு வெள்ளத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். 2013இல் முந்தையதைவிட உயரமாக வந்த நீரை அது தடுத்துவிட்டது. ஊருக்குள் வீட்டுச் சுவர்களில் பழைய வெள்ள மட்டங்களை ஆண்டோடு குறித்திருப்பார்கள். அவற்றைத் தேடிப் பாருங்கள். வீட்டுத் தரகர் சொல்வதைவிட அந்தக் கோடுகள் நம்பகமானவை.

மூன்றாம் படி: வட்டக் கிராமத்துக்குள் நுழையுங்கள்

இந்த மாவட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், ருண்ட்லிங் எனப்படும் வட்டக் கிராமத்தைப் பாருங்கள். நடுவே புல்வெளி, ஓக் மரம். அதைச் சுற்றி முகப்பை உள்நோக்கித் திருப்பிய பெரிய மரச்சட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டின் நிலமும் விரித்த விசிறியின் மடிப்புபோல முன்னால் குறுகிப் பின்னால் அகன்று போகும். ஊருக்குள் வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். தேவாலயம் ஊருக்கு வெளியே, அல்லது வேறு ஊரில். கிறிஸ்தவம் வேரூன்றும் முன்பே ஊர் வட்டம் மூடிக்கொண்டது என்று அதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு.

இந்த ஊர்கள் 12ஆம் நூற்றாண்டை ஒட்டி அமைந்தவை. ஜெர்மானியப் பிரபுக்களின் ஆட்சியில், ஸ்லாவிய விவசாயிகள் குடியமர்த்தப்பட்ட இடங்கள். தற்காப்புக்காக வட்டமாகக் கட்டினார்கள், கால்நடைக்காகக் கட்டினார்கள் என்று பழைய புத்தகங்களில் பல கதைகள். நிலத்தைச் சமமாகப் பங்கிட்டு ஒரே மூச்சில் திட்டமிட்டு அமைத்த குடியிருப்புகள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. போர்ப் பயம் இருந்தால் நடுவில் புல்வெளியை விட்டுவைப்பதைவிடச் சுற்றிலும் சுவர் எழுப்பியிருப்பார்கள்.

ஜெர்மனியின் கிழக்கில் இப்படிப்பட்ட ஊர்கள் பரவலாக இருந்தன. மற்ற இடங்களில் அழிந்தவை இங்கே மட்டும் சுமார் நூறு தப்பின. காரணம் வறுமை. 18ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் ஆளி நார்த் துணி நன்றாக விலைபோனது. அந்தப் பணத்தில்தான் பெரிய முகப்புள்ள வீடுகள் எழுந்தன. பிறகு ஆலையில் நெய்த பருத்தி வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமில்லை, தொழிற்சாலைகள் வரவில்லை, நெடுஞ்சாலை வரவில்லை. பழையது அப்படியே நின்றுவிட்டது.

பார்க்க வேண்டிய முறை இது. முதலில் லூபெல்ன் ஊரில் உள்ள ருண்ட்லிங் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வீட்டின் உட்புறம், ஆளி நூற்பு, தறி எல்லாவற்றையும் அங்கே பார்த்துவிடலாம். அப்புறம் சாட்டமின். 1850இல் அந்த ஊர் தீயில் எரிந்தது. பின்னர் ஒரே சமயத்தில் திரும்பக் கட்டியதால் வீடுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும். அதற்குப் பிறகு ஷ்ரேயான், க்யூலிட்ஸ், மாமொய்சல் என்று பெயர் பலகையைப் பார்த்து நீங்களே திரும்புங்கள்.

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் மரியாதை. நடுப் புல்வெளியில் நிற்கலாம், வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு வீட்டின் பெருங்கதவுக்கு மேலுள்ள உத்தரத்தைப் படியுங்கள். கட்டிய கணவன் மனைவி இருவரின் பெயரும், ஆண்டும், சில நேரம் தேதியும், ஒரு வேத வசனமும் செதுக்கியிருக்கும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். நாலு ஊரில் இப்படிப் படித்துவிட்டால், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று ஒரு கிராமத்து உறவு வலையே கிடைத்துவிடும். எனக்கு இந்த மாவட்டத்தில் மிகப் பிடித்த பொழுதுபோக்கு இதுதான்.

கொஞ்சம் ஆழமாகப் போக விரும்புபவர்கள் 1764 முதல் 1786 வரை ஹனோவர் அரசு தன் ராணுவப் பொறியாளர்களைக் கொண்டு வரைந்த நில அளவைப் படங்களைத் தேடுங்கள். மறுபதிப்புகள் கிடைக்கின்றன. உங்கள் ஊர் இருக்கும் தாளை எடுத்து, இன்றைய வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பாதை நேராக்கப்பட்டது, எந்தச் சதுப்பு வயலானது, எந்த வட்டம் உடைந்து தெருவானது என்பதெல்லாம் புலப்படும்.

நான்காம் படி: மறைந்த மொழியின் தடத்தைத் தேடுங்கள்

ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே இது வழக்கமான ஜெர்மன் நிலம் அல்ல என்று தெரிந்துவிடும். எல்பேயின் இந்தக் கரையில் குடியேறிய ஸ்லாவியர்களை ஜெர்மானியர் 'வெண்டு'கள் என்றார்கள். வெண்ட்லாண்ட் அங்கிருந்து வந்தது. அவர்களுடைய மொழியை அறிஞர்கள் போலாபியன் என்கிறார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க ஜெர்மன் பேசத் தொடங்கிய பிறகும் இந்த மூலையில் 18ஆம் நூற்றாண்டு வரை அது பேச்சில் இருந்தது.

அதைக் காப்பாற்றியவர்களில் இருவரை நினைவில் வையுங்கள். ஒருவர் வுஸ்ட்ரோவின் பாதிரியார் கிறிஸ்டியான் ஹென்னிக். 1700ஐ ஒட்டி, தன் சபை மக்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு சொற்களஞ்சியம் தொகுத்தார். மற்றவர் சூட்டன் கிராமத்து விவசாயி யோஹான் பாரும் ஷுல்ட்சே. 1740இல் இறந்த இவர், விலைவாசி, வானிலை, ஊர் நிகழ்ச்சிகள் என்று நாட்குறிப்பாக எழுதிய கையேட்டில் தன் மொழியின் சொற்களையும் பட்டியலிட்டார். வெளியார் யாரும் கேட்டு எழுதியதல்ல, அந்த மொழிக்காரரே எழுதியது என்பதால் அது தனி மதிப்புடையது. தத்துவவாதி லைப்னிட்ஸும் இந்த மொழி பற்றித் தகவல் கேட்டு ஹனோவரிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. பேசினால் கேலி, அதனால் இளையவர்கள் பேச வெட்கப்பட்டார்கள். பாரும் ஷுல்ட்சே அதை வருத்தத்தோடு குறித்துவைத்திருக்கிறார்: தானும் இன்னும் சிலரும் போய்விட்டால் நாய்க்கு இந்த மொழியில் என்ன சொல் என்றுகூட யாருக்கும் தெரியாது என்ற பொருளில். நன்றாகப் பேசத் தெரிந்தவராகக் கருதப்படும் கடைசி மூதாட்டி 1756இல் இறந்தார்.

ஐந்தாம் படி: அரசர்களை ஒரே பிற்பகலில் முடித்துவிடுங்கள்

பிரபுக்கள் வரலாற்றில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று இடம் போதும்.

கிழக்கே எல்பே ஓரமாக எழும் ஹோபெக் குன்று. பிராங்கியப் பேரரசர் கார்ல் (சார்லமேன்) ஸ்லாவியர்களுக்கு எதிராக நிறுவிய எல்லைக்கோட்டை 810இல் வில்ட்சர்கள் எனும் ஸ்லாவியக் குழுவால் அழிக்கப்பட்டு 811இல் திரும்பக் கட்டப்பட்டதாகப் பிராங்கிய ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. அது இந்தக் குன்றில்தான் இருந்தது என்று கருதுகிறார்கள். மேலே போனால் மண் அரண் தெரியும், ஆற்றுக் காட்சியும் இலவசம்.

டானன்பெர்க்கில் ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டமாரை 1223இல் ஷ்வெரின் பிரபு ஹைன்ரிஷ் வேட்டை முகாமில் வைத்துக் கடத்தினார். மன்னர் இந்தக் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். 1225இல் பெரும் தொகை கொடுத்துத்தான் வெளியே வந்தார். பால்டிக் கடலோரம் முழுவதையும் ஆட்டிவைத்தவரை அடைக்க இந்தச் சின்ன ஊர்தான் கிடைத்தது. கோபுரத்துக்குள் இப்போது அருங்காட்சியகம்.

ஹிட்சாக்கரில் 1604 முதல் முப்பது ஆண்டுபோல வாழ்ந்தவர் ஆகஸ்ட் எனும் இளவரசர். ஆட்சிக்கு வர வாய்ப்பு குறைவு என்பதால் புத்தகம் சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்பாராமல் கோமகனாகி வொல்ஃபன்பூட்டலுக்குப் போனபோது நூல்களும் கூடவே போயின. ஐரோப்பாவின் பேர்பெற்ற ஆகஸ்ட் கோமகன் நூலகத்தின் தொடக்கம் இந்தத் தீவு ஊரில்தான். அந்தக் கோட்டை இன்று இல்லை.

நேரம் மிஞ்சினால் மேற்கே கோர்டெ காடு. 1813 செப்டம்பர் 16 அன்று நெப்போலியன் படையோடு அங்கே ஒரு போர் நடந்தது. ஆண் வேடத்தில் போரிட்ட எலியோனோரே புரோகாஸ்கா அதில் காயமடைந்து, சில வாரத்தில் டானன்பெர்க்கில் இறந்தார். அவருடைய கல்லறை அந்த ஊரில் இருக்கிறது.

ஆறாம் படி: எல்லையில் நின்று பாருங்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜெர்மனி பிரிந்தபோது இந்த மாவட்டம் பிரிட்டிஷ் பகுதிக்குள் விழுந்தது. மூன்று பக்கம் சோவியத் பகுதி. ஹாம்பர்க்-பெர்லின் நடுவே இருந்த ஊர் ஒரே இரவில் முட்டுச்சந்தானது. டோமிட்ஸ் ரயில் பாலம் இதற்குச் சாட்சி. 1873இல் முடிந்த அந்தப் பாலத்தின் நடுப்பகுதியை 1945 ஏப்ரல் 20 அன்று நேச நாட்டு விமானங்கள் தகர்த்தன. பிறகு அதைத் திரும்பக் கட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மேற்குக் கரையில் வெள்ளச் சமவெளியைத் தாண்டும் வளைவுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. ஆற்றருகே சட்டென்று முடிந்துவிடும். பக்கத்துச் சாலைப் பாலம் மட்டும் 1992இல் புதிதாக வந்தது. அந்தப் பாலத்தில் நடந்து போய்ப் பழையதைப் பார்ப்பதுதான் நல்ல கோணம்.

ஆற்றில் எல்லை எங்கே என்பதே நாற்பது வருடத் தகராறு. நடுவில் என்றது கிழக்கு, எதிர்க்கரையில் என்றது மேற்கு. 1966 அக்டோபரில் கோர்லேபன் அருகே ஆழம் அளக்க வந்த ஒரு மேற்கு ஜெர்மன் படகைக் கிழக்கு ஜெர்மன் படகுகள் மறிக்க, பிரிட்டிஷ் ராணுவம் கரைக்கு வரும் அளவுக்கு விஷயம் போனது.

ஷ்னாக்கன்பர்க் எனும் ஊர் மாவட்டத்தின் கிழக்குக் கோடி. சில நூறு பேர் வாழ்ந்தாலும் நகர அந்தஸ்து உண்டு. எல்பேயில் போகும் கப்பல்களுக்கு அங்கேதான் மேற்கின் சுங்கச் சாவடி. இப்போது எல்லை அருங்காட்சியகம் இருக்கிறது. வேலி, சீருடை, படகு எல்லாம் பார்க்கலாம். அதைப் பார்த்த கையோடு அருகே ஸ்ட்ரேசோ நினைவிடத்துக்கும் போங்கள். எல்லைக்கு மிக அருகே இருந்த குற்றத்துக்காகக் கிழக்கு ஜெர்மன் அரசு காலி செய்து தரைமட்டமாக்கிய கிராமம் அது.

இங்கே தொழில் வளரவில்லை, இளைஞர்கள் வெளியேறினார்கள். எல்லையோர மாவட்டங்களுக்கு உதவ 1971இல் தனிச் சட்டமே போட்டார்கள். மறுபுறம், ராணுவக் காவல் இருந்த ஆற்றங்கரையில் கட்டடம் எழாததால் கொக்கும் நாரையும் நீர்நாயும் பெருகின. இன்று ஆற்றோரம் முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துக் கூட்டங்கள் வயலில் இறங்கும். பார்க்க நமக்கு மகிழ்ச்சி, கோதுமை விதைத்தவருக்கு அப்படியில்லை.

ஏழாம் படி: கோர்லேபன் கதையை முழுதாகக் கேளுங்கள்

இந்த மாவட்டத்தில் எங்கே போனாலும் வீட்டுச் சுவரில், தோட்டத்தில், சாலையோரத்தில் மஞ்சள் நிறப் பெருக்கல் குறி மாதிரி மரச்சட்டம் நிற்பதைக் காண்பீர்கள். அதன் பின்னால் நாற்பது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. உள்ளூர்க்காரரோடு பேசத் தொடங்கும் முன் இதை ஓரளவு தெரிந்துவைப்பது அவசியம்.

1977 பிப்ரவரி 22 அன்று மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெஷ்ட், கோர்லேபனில் அணுக்கழிவு மையம் அமையும் என்று அறிவித்தார். பயன்படுத்திய அணு எரிபொருளுக்கான மறுசுத்திகரிப்பு ஆலை, பூமிக்கடியில் உப்புப் பாறையில் நிரந்தரக் கிடங்கு, எல்லாம் ஒரே இடத்தில். நிலத்தடியில் பெரிய உப்புத் திட்டு இருந்தது உண்மை. ஆனால் மக்கள் குறைவு, மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி, எதிர்ப்பு வராது என்ற கணக்கும் இருந்தது என்பது இந்த ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. அந்தக் கணக்கு அடியோடு பொய்த்தது. பழமைவாத விவசாயிகள், பாதிரியார்கள், ஆசிரியர்கள், நகரத்திலிருந்து வந்த மாணவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பெரும் காட்டுக்குச் சொந்தக்காரரான கார்ட்டோவின் பெர்ன்ஸ்டோர்ஃப் பிரபு, எவ்வளவு விலை சொன்னாலும் நிலத்தை விற்க மறுத்தார். பிரபுவும் நீளத் தலைமுடிக்காரர்களும் ஒரே பக்கம் நின்றதுதான் இந்தப் போராட்டத்தின் விசேஷம்.

1979 மார்ச்சில் விவசாயிகள் டிராக்டர்களில் ஹனோவர் நோக்கிப் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது அங்கே சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். அதே நேரத்தில்தான் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. மே மாதம் ஆல்பிரெஷ்ட், மறுசுத்திகரிப்பு ஆலை அரசியல்ரீதியாக நடக்காது என்று அதை மட்டும் கைவிட்டார். கிடங்குக்கான ஆய்வு தொடர்ந்தது.

1980 மே 3 அன்று போராட்டக்காரர்கள் ஆழ்துளை தோண்டவிருந்த 1004 எண் இடத்தில் மரக்குடிசைகள் கட்டி, 'சுதந்திர வெண்ட்லாண்ட் குடியரசு' என்று அறிவித்தார்கள். கடவுச்சீட்டு அச்சடித்தார்கள், வானொலி நடத்தினார்கள். ஜூன் 4 அன்று போலீஸ் வந்து இடித்துத் தள்ளியது. அந்தப் பச்சை நிறச் சூரியக் கொடியை இன்றும் வீடுகளில் பார்க்கலாம்.

1995 முதல் 2011 வரை 13 முறை ரயிலில் காஸ்டோர் எனப்படும் கழிவுக் கொள்கலன்கள் வந்தன. டானன்பெர்க் வரை தண்டவாளம்; அங்கிருந்து லாரியில் மாற்றிச் சுமார் 20 கிலோமீட்டர் சாலை. ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தில் உட்காருபவர்கள், ரயில் பாதையில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொள்பவர்கள், டிராக்டரைக் குறுக்கே நிறுத்துபவர்கள். எதிரே ஆயிரக்கணக்கில் போலீஸ். ஊர்ப் பெண்கள் சூப் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள்.

2013இல் புதிய சட்டம் வந்து நாடு முழுக்கத் தேடல் முதலிலிருந்து தொடங்கியது. 2020 செப்டம்பர் 28 அன்று வெளியான இடைக்கால அறிக்கை, நிலவியல் காரணங்களைச் சொல்லிக் கோர்லேபனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021இல் சுரங்கத்தை மூட முடிவானது. இத்தோடு கதை முடிந்தது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வந்த 113 கொள்கலன்கள் தரைக்கு மேலே உள்ள இடைக்காலக் கூடத்தில் இன்றும் நிற்கின்றன. போக வேறு இடம் இல்லை.

போராட்டத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். பாழடைந்த வட்டக் கிராம வீடுகளை வாங்கிச் சீர்செய்தார்கள். மட்பாண்டம், இயற்கை வேளாண்மை, நாடகம் என்று பிழைத்தார்கள். 1990ஐ ஒட்டித் தொடங்கிய 'கலாசார ஊர்ச்சுற்று' விழா ஆண்டுதோறும் இயேசு விண்ணேறிய நாளுக்கும் பெந்தகொஸ்தேவுக்கும் இடையில் நடக்கிறது. அந்த நாட்களில் களஞ்சியம், முற்றம் எல்லாம் கண்காட்சிக் கூடம்தான். அப்போது அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே சொல்லி வையுங்கள். போராட்டத்தில் சேராத, சேர விரும்பாத குடும்பங்களும் இங்கே உண்டு. கிடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களும் அண்டை வீட்டார்தான். எனவே புதிதாக வந்தவர் முதல் சந்திப்பிலேயே கருத்துச் சொல்லாமல் காது கொடுப்பது நல்லது.

எட்டாம் படி: நேரில் போகும் ஏற்பாடு

மாவட்டத்துக்குள் விரைவுநெடுஞ்சாலை கிடையாது. பயணிகள் ரயில் லூனபர்க்கிலிருந்து ஹிட்சாக்கர் வழியாக டானன்பெர்க் வரை மட்டும். அதுவும் நாளைக்குச் சில தடவைதான். லூஹோவுக்கு ரயிலே இல்லை. பஸ்கள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுகின்றன. விடுமுறை நாளில் பல ஊர்களுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வரவழைக்கும் பஸ்தான். எனவே கார் இல்லாதவர்கள் ரயிலில் சைக்கிளோடு வருவது மேல். எல்பே கரை நெடுக சைக்கிள் பாதை இருக்கிறது. டிராவேன் ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ஆற்றைக் கடக்க டோமிட்ஸ் சாலைப் பாலத்தை விட்டால் படகுத்துறைதான். பெவஸ்டோர்ஃபிலிருந்து பிராண்டன்பர்க்கின் லென்சனுக்கு வண்டிகளை ஏற்றும் படகு போகிறது. ஹிட்சாக்கரிலும் ஷ்னாக்கன்பர்க்கிலும் படகு உண்டு. தண்ணீர் மிக ஏறினாலும் மிக இறங்கினாலும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரிக்காவிட்டால் சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இரண்டு நாள் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் டானன்பெர்க் கோபுரம், லூபெல்ன், சாட்டமின், மாலையில் லூஹோ. லூஹோவின் மையப்பகுதி 1811 தீயில் எரிந்ததால் பழைய கட்டடம் அதிகம் இல்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். இரண்டாம் நாள் காலையில் ஹிட்சாக்கர், பிறகு டோமிட்ஸ் பாலம், கோர்லேபன், ஹோபெக், கடைசியில் ஷ்னாக்கன்பர்க். கோடையில் போனால் ஹிட்சாக்கரில் 1946 முதல் நடந்துவரும் இசை விழாவும் வாய்க்கலாம்.

குடியேறியே விட்டவர்களுக்கு இன்னொன்று. உள்ளூர் நாளிதழான எல்பே-யேட்சல் செய்தித்தாளை மூன்று மாதம் வாங்கிப் படியுங்கள். தீயணைப்புத் தொண்டர் சங்கக் கூட்டம், உருளைக்கிழங்கு விலை, ஓநாய் கடித்த ஆடு, கிடங்கு பற்றிய வாசகர் கடிதம் எல்லாம் அதில் இருக்கும். ஜெர்மன் மொழியும் ஏறும், பக்கத்து வீட்டுக்காரரோடு பேச விஷயமும் கிடைக்கும். கிராமத்தில் தீயணைப்புக் குழு சேர அழைத்தால் மறுக்காதீர்கள். ஊர் வரலாறு தெரிந்த பெரியவர்கள் எல்லாரும் அந்தக் கொட்டகையில்தான் பீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.